பந்திக்குப் பின் வரும் பதில்கள்: கூகுள் ஃபார்ம்ஸ், கூகுள் ஷீட்ஸ் குறித்து ஒரு மதிப்புரை

திருப்பரங்குன்றம் பக்கத்து மண்டபங்களில் திருமணச் சமையலை ஒப்பந்தம் எடுத்து நடத்தும் குடும்பம் எங்களுடையது. பல ஆண்டுகளாக, கை கழுவும் இடத்துக்கு அருகே ஒரு மேசை போட்டு, நீளமான நோட்டு ஒன்றையும் நூலில் கட்டிய பேனாவையும் வைத்து விருந்தினரின் கருத்தைக் கேட்டு வந்தோம். பெண் வீட்டார் இரண்டடி தள்ளி நின்று வழியனுப்பிக்கொண்டிருக்கும்போது சாம்பாரில் உப்பு குறைவு என்று எழுத யாருக்கு மனம் வரும்? ‘அருமை’, ‘மிக அருமை’, ‘மணமக்கள் வாழ்க’ என்ற மூன்று வகையான பதில்கள்தான் அந்த நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தன. அதை மூடிவிட்டு, கூகுள் ஃபார்ம்ஸ் படிவத்தில் கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் திரட்டும் முறைக்கு ஆவணி முகூர்த்தங்களில் மாறினோம். ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது.

அடிப்படை எளிது. படிவத்தைத் தயாரித்து, அதன் இணைப்பை க்யூஆர் குறியீடாக்கி, தாம்பூலப் பையில் போடும் சிறிய அட்டையில் அச்சிட்டோம். குறியீட்டை உருவாக்க குரோம் உலாவியே போதும். படிவத்தின் பதில்கள் பகுதிக்குப் போய் ஷீட்ஸுடன் இணைத்துவிட்டால், ஒவ்வொருவர் பதிலும் ஒரு வரியாகவும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு நெடுவரிசையாகவும் வந்து விழும். முதல் நெடுவரிசையில் பதில் வந்த நாளும் நேரமும் தானாகவே பதிவாகும். 2008இல் இந்தப் படிவ வசதி விரிதாளின் ஓர் உறுப்பாகத்தான் அறிமுகமானது என்பதால், இரண்டும் ஒட்டவைத்தவை போலன்றி ஒன்றாகவே பிறந்தவை போல இயங்குகின்றன. கட்டணம் இல்லை. ஒரு விரிதாளில் 1 கோடி கட்டங்கள் வரை இடமுண்டு. எங்கள் 14 நெடுவரிசைக்கு அது ஏழு லட்சம் பதில்களுக்குப் போதும். அத்தனை இலை போடும் நாள் வந்தால் அப்போது யோசித்துக்கொள்ளலாம்.

படிவத்திலேயே தேர்வுக் கேள்விகளுக்கு வரைபடம் கிடைக்கும்போது விரிதாள் எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். ரசம்தான் அதற்கு விடை சொன்னது. ரசத்தில் காரம் எப்படி என்று கேட்டு, ‘குறைவு’, ‘அளவு’, ‘தூக்கல்’ என்று மூன்று தேர்வுகள் கொடுத்திருந்தோம். ஒரு திருமணத்துக்கு வந்த பதில்களில் குறைவும் தூக்கலும் ஏறக்குறைய சரிபாதியாக நின்றன. எங்கள் சமையல் மாஸ்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “பாதிப் பேருக்குக் குறைவு, பாதிப் பேருக்குத் தூக்கல் என்றால் நம் கை அளவாகத்தான் இருக்கிறது தம்பி” என்று சிரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. ஆனால், எந்தப் பந்தியில் அமர்ந்தீர்கள் என்று வேறொரு கேள்வியும் அதே படிவத்தில் இருந்தது. விரிதாளில் இரண்டு கேள்விகளின் பதில்களைக் குறுக்கும் நெடுக்குமாக எண்ணிக் காட்டும் பிவட் டேபிள் போட்டு, பந்தியை வரிகளிலும் காரத்தை நெடுவரிசைகளிலும் நிறுத்தியபோது, குறைவு என்றவர்கள் பெரும்பாலும் முதல் பந்தியிலும் தூக்கல் என்றவர்கள் மூன்றாம் பந்தியிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மாஸ்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு, “அண்டாவைக் கலக்காமலா மொண்டீர்கள்?” என்று கேட்டார். மேலே நின்ற தெளிவு முதல் பந்திக்கும் அடியில் தங்கிய மண்டி கடைசிப் பந்திக்கும் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொரு வாளி மொள்ளும் முன்பும் நீளக் கரண்டியால் அண்டாவை அடிவரை ஒரு முறை கலக்குகிறார்கள்.

படிவத்தின் வரைபடம் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகவே காட்டும்; ஒரு கேள்வியின் பதிலை இன்னொன்றோடு குறுக்கே வைத்துப் பார்க்க விரிதாளுக்குத்தான் வர வேண்டும். பதில் வந்த நேரத்தை வைத்துப் பந்தியை ஊகிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது நடக்காது, ஏனென்றால் பலரும் வீடு திரும்பித் தாம்பூலப் பையைப் பிரித்த பிறகுதான் அட்டையைப் பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கான பதில் இரவு ஒன்பது மணிக்கு வருவது எங்களுக்கு வாடிக்கை.

கருவி கேட்டதைத்தான் எண்ணும். கேட்ட விதம் சரியா என்று பார்ப்பது நம் வேலை. தொடக்கத்தில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் 1 முதல் 5 வரை அளவுகோல் வைத்திருந்தோம். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்த மனப்பான்மை அளவீட்டு முறையின் வழியில் வந்த ஐந்து படிகள் உலகம் முழுவதும் புழங்குகின்றனவே, நமக்கென்ன என்ற எண்ணம். ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிட்டு, கீழே கருத்துப் பகுதியில் ‘எல்லாம் ஒண்ணாம் நம்பர்’ என்று எழுதியிருந்தார். நம்மூரில் முதலிடம் என்றால் 1தான். அவர் மேல் என்ன தவறு? அளவுகோலின் இரு முனைகளுக்கும் பெயர் எழுத இடம் இருந்தும் நாங்கள்தான் வெறுமையாக விட்டிருந்தோம். எண்ணை எடுத்துவிட்டு ‘நன்று’, ‘பரவாயில்லை’, ‘சரியில்லை’ என்று சொற்களுக்கு மாறினோம். அங்கே ‘பரவாயில்லை’ காலை வாரியது, ஏனென்றால் மதுரையில் அது பாராட்டா பொறுத்துக்கொள்வதா என்பது சொல்லும் குரலைப் பொறுத்தது, விரிதாளுக்கோ குரல் கேட்பதில்லை. கடைசியில் ‘மறுபடி கேட்டு வாங்கினேன்’, ‘வைத்ததைச் சாப்பிட்டேன்’, ‘இலையில் மிச்சம் வைத்தேன்’ என்று செய்ததைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதில்கள் நம்பும்படி அமைந்தன. இந்த மாற்றங்களைப் பருவத்தின் நடுவே அதே படிவத்தில் செய்யாதீர்கள். தேர்வுகளின் சொற்களை மாற்றினாலும் விரிதாளில் முன்பு விழுந்த பதில்கள் பழைய சொற்களோடுதான் கிடக்கும்; படிவத்தை நகல் எடுத்து, புதிய விரிதாளோடு இணைப்பதே நல்லது.

பதில்கள் விழும் முதல் தாளில் கை வைக்காமல் இருப்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஒவ்வொரு பதிலுக்கும் புதிய வரி செருகப்படுவதால், பக்கத்து நெடுவரிசையில் கீழ்வரை இழுத்துவிட்ட சூத்திரம் புதிய வரியில் இல்லாமல் போகும். கணக்கை எல்லாம் இரண்டாவது தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். விரிதாளில் ஒரு வரியை அழித்தாலும் படிவத்தில் அந்தப் பதில் அப்படியே இருக்கும் என்பது சிலருக்குக் குழப்பம் தரலாம். தவறுதலாக ஒரு நாள் பதில்களை மொத்தமாக அழித்துவிட்ட எனக்கு அது தெய்வச் செயலாகத் தோன்றியது.

பல தேர்வுகளைக் குறிக்கும் கேள்வி இன்னொரு தொல்லை. பிடித்தவற்றை எல்லாம் குறியுங்கள் என்றால், ஒருவர் குறித்த அத்தனையும் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் வந்து அடையும். நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் கவுண்ட்இஃப் (COUNTIF) சூத்திரத்தில், சொல்லின் இருபுறமும் உடுக்குறி (*) போட்டு, அந்தச் சொல் வரும் கட்டங்களை எண்ணலாம். அப்படி ‘வடை’யை எண்ணினால் ‘தயிர் வடை’யும் அதில் சேர்ந்துகொள்ளும். ஒரு மாதம் எங்கள் வடை அமோகமாக வரவேற்கப்படுவதாக மகிழ்ந்திருந்தோம். இப்போது படிவத்தில் ‘மெது வடை’ என்றே எழுதுகிறோம்.

அமைப்புகளையும் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. என் விரிதாள் அமெரிக்க வழக்கில் இருந்ததைக் கவனிக்காததால் செப்டம்பர் 4ஆம் தேதி 9/4 என்று பதிவாகி, அதை ஏப்ரல் 9 என்று படித்துவிட்டு, முகூர்த்தமே இல்லாத நாளில் யாருக்குச் சமைத்தோம் என்று தேடினேன். கோப்பின் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்றும் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்றும் மாற்றினால் தீர்ந்தது. தமிழ்ப் பதில்களை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக இறக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தால் எழுத்துகள் உடைந்து வரக்கூடும். எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், அல்லது எக்செலின் தரவுப் பகுதி வழியாக, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறக்கலாம்.

ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டை நாங்கள் வைக்கவில்லை. அதை வைத்தால் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். ஒரே கைபேசியில் மாமியாரும் மருமகளும் மாறி மாறிப் பதில் சொல்லும் வீடுகளில் அது எடுபடாது. கைபேசி எண் கேட்கும் இடத்தைக் கட்டாயமாக்கவில்லை. கொடுப்பவர்களுக்கு, பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை என்று சரிபார்ப்பு விதி போட்டிருக்கிறோம். இல்லையென்றால் 0452 என்று தொடங்கும் வீட்டு எண்ணும் வந்து, விரிதாள் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும்.

பகிர்வதில் நிறையவே கவனம் தேவை. விரிதாளின் ஒரு தாளை மட்டும் பிறரோடு பகிர முடியாது. பகிர்ந்தால் முழுக் கோப்பும் போகும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று இணைப்பைத் தூக்கிக் கொடுத்தால் விருந்தினர் அனைவரின் எண்களும் கூடவே போய்விடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்ட நாட்டில் இது விளையாட்டல்ல. கணக்குத் தாளை மட்டும் வேறொரு கோப்பில் ஒட்டித்தான் அனுப்புகிறோம்.

இணையம் இல்லாமல் இந்தப் படிவம் இயங்காது என்பது பெரிய குறை. கூட்டம் நெரியும் மண்டபத்தில் சிக்னல் படுத்துவிடும். கிராமத்துப் பந்தல்களில் சமைப்பவர்களுக்கு, இணையமின்றியே பதிலைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் கோபோடூல்பாக்ஸ் போன்றவை ஏற்றவை. அமைத்துக்கொள்ளச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும். மாதச் சந்தா கேட்ட ஒரு சேவையையும் இடையில் முயன்றோம். அழகான வரைபடங்கள் தந்தது, பந்திக் கேள்வியைத் தனியே பிரித்துக் காட்ட மட்டும் மேல்கட்டணம் கேட்டது, விட்டுவிட்டோம்.

தை முகூர்த்தங்களுக்குள் 11 கேள்விகளை ஆறாகக் குறைக்க இருக்கிறோம். பாயசத்தைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் ‘மறுபடி கேட்டு வாங்கினேன்’ என்றே குறிப்பதால் அதை எடுத்துவிடலாம் என்றேன். மாஸ்டர் இன்னும் சம்மதிக்கவில்லை.