ஜீகோ, ரொனால்டோ, ககா: இத்தாலியில் யாருடைய முதல் சீசன் பெரியது?

24 ஆட்டங்களில் 19 கோல். 32 ஆட்டங்களில் 25 கோல். 30 ஆட்டங்களில் 10 கோல். மூன்று பிரேசில்காரர்கள் இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான சீரி ஆவில் ஆடிய முதல் சீசனின் லீக் கணக்கு இது. முதலாவது ஜீகோ (1983-84, உடினேசே). இரண்டாவது ரொனால்டோ (1997-98, இன்டர் மிலான்). போர்ச்சுகல்காரரை அல்ல, மூத்தவரைச் சொல்கிறேன். மூன்றாவது ககா (2003-04, ஏசி மிலான்). இவர்களில் யாருடைய வருகை பெரியது என்ற வாதம் எனக்கு என்றைக்கும் அலுத்ததில்லை.

ககாவை முதலில் பார்த்துவிடலாம். கோப்பையை மட்டும் அளவுகோலாக வைத்தால் போட்டியே இல்லை. மூவரில் முதல் சீசனிலேயே லீக் பட்டம் வென்றவர் அவர் ஒருவர்தான். 21 வயதில் சாவ் பாலோவிலிருந்து வந்து, போர்ச்சுகலின் நட்சத்திர நடுக்கள ஆட்டக்காரர் ரூயி கோஸ்டா போன்ற ஒருவரை பெஞ்சில் உட்கார வைத்தார். பிப்ரவரி மாத டெர்பியில் (ஒரே நகரத்து அணிகளின் மோதல்) இன்டரிடம் 0-2 என்று பின்தங்கிய மிலான் 3-2 என்று வென்றதே, அதில் சமன் செய்த கோல் அவருடையது. 34 ஆட்டங்களில் 82 புள்ளிகள், இரண்டே தோல்விகள். ஆனால் அவர் வந்து சேர்ந்தது ஐரோப்பிய சாம்பியன் அணியில். பின்னால் மால்தினியும் நெஸ்டாவும், பக்கத்தில் பிர்லோவும் சீடார்ஃபும், முன்னால் 24 கோல் அடித்த ஷெவ்செங்கோவும் இருந்தார்கள். வீடு கட்டி முடிந்திருந்தது, ககா விளக்கேற்றினார். அழகான விளக்குதான், ஆனாலும் என் கணக்கில் மூன்றாம் இடம்.

ஜீகோவின் கதை வேறு. 1983இல் உடினே, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறு நகரம். ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான் ஃப்ரியூலி பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு பிரேசிலின் ஃபிளமெங்கோ அணியின் ஜீகோ வருகிறார் என்றால்! இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்பந்தத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். "ஜீகோ வேண்டும், இல்லையென்றால் ஆஸ்திரியா" என்பது அவர்களின் முழக்கம். அதில் வரலாறும் இருக்கிறது: 1866 வரை அந்த மண் ஆஸ்திரியப் பேரரசின் கீழ்தான் இருந்தது. கடைசியில் தடை விலகியது.

வந்தவர் ஏமாற்றவில்லை. முதல் லீக் ஆட்டத்திலேயே ஜெனோவா அணியின் சொந்த மைதானத்தில் 5-0 வெற்றி, அவருக்கு இரண்டு கோல். ஃப்ரீ கிக் கிடைத்தால் எதிரணி கோல்கீப்பருக்கு வயிற்றைக் கலக்கும். அன்று லீக்கில் 16 அணிகள், 30 ஆட்டங்கள். அவற்றில் ஆறில் அவர் ஆடவில்லை. அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர் யுவென்டஸின் பிளாட்டினி: 28 ஆட்டங்களில் 20. நான்கு ஆட்டம் குறைவாக ஆடி ஒரே ஒரு கோலில் பின்தங்கினார் ஜீகோ. இத்தாலிக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது.

இங்கேதான் எனக்கு மனம் வலிக்கிறது. நியாயமாகப் பேசினால் அட்டவணையையும் சொல்ல வேண்டும். ஜீகோ வருவதற்கு முந்தைய சீசனில் உடினேசே ஆறாம் இடம். ஜீகோ வந்த சீசனில் ஒன்பதாம் இடம். ஊருக்கு அவர் கொடுத்த பெருமிதத்தை எந்த அட்டவணையும் அளக்காது. ஆனால் ஒப்பீடு என்று உட்கார்ந்த பிறகு அதை மறைப்பது சரியல்ல.

ரொனால்டோவின் விகிதமும் ஏறக்குறைய ஜீகோவுடையதுதான்: ஐந்து ஆட்டத்துக்கு நான்கு கோல். அப்படியிருந்தும் நான் இவரையே முன்னே வைக்கிறேன். பார்சிலோனாவிலிருந்து உலகச் சாதனை விலைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபது. அந்த டிசம்பரிலேயே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருது. இத்தனை பேரும் புகழும் சேர்ந்தவரை எந்தத் தடுப்பாட்டக்காரரும் அசட்டையாக விடமாட்டார். இரண்டு பேர், மூன்று பேர் சூழ்ந்துகொண்டுதான் ஆடினார்கள். அதையும் மீறி 25. உடினேசேயின் பியர்ஹோஃப் 27 அடித்ததால் அதிக கோலுக்கான பட்டம் கைநழுவியது.

ஐரோப்பாவில் அவர் செய்தது அதற்கும் மேல். ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் மாஸ்கோவில். பந்து உருளவே சிரமப்பட்ட, சேறாகிக் கிடந்த தரை. ஸ்பார்டக்குக்கு எதிராக இன்டரின் இரண்டு கோலும் அவருடையவை. பாரிஸில் 1998 மே 6 அன்று நடந்த இறுதியில் ரோம் நகரத்து லாட்சியோவுக்கு எதிராக 3-0 வெற்றி. மூன்றாவது கோலை இப்போதும் தேடிப் பாருங்கள். கோல்கீப்பர் மார்கெஜானி எதிரே நிற்கிறார். ரொனால்டோ பந்தின் மேல் காலை வீசுகிறார், இடுப்பை அசைக்கிறார், மார்கெஜானி தரையில். பிறகு காலி வலைக்குள் பந்தைத் தள்ள வேண்டியதுதான். அன்று லாட்சியோவுக்காக அவரைத் தடுக்க நின்றவர்களில், பின்னாளில் மிலானுக்குப் போன அதே நெஸ்டாவும் ஒருவர்.

லீக் பட்டம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஏப்ரல் 26 அன்று யுவென்டஸின் ஊரான டூரினுக்கு இன்டர் போனபோது யுவென்டஸுக்கும் இன்டருக்கும் இடையே ஒரு புள்ளிதான் வித்தியாசம். டெல் பியரோ அடித்த கோலில் யுவென்டஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பெனால்டி பகுதிக்குள் ரொனால்டோ மேல் யுவென்டஸ் தடுப்பாட்டக்காரர் யுலியானோ மோதினார். நடுவர் செக்கரினி விசில் ஊதவில்லை. சில நொடிகளில் மறுமுனையில் யுவென்டஸுக்குப் பெனால்டி! அதை இன்டர் கோல்கீப்பர் பாலியூக்கா தடுத்தார், ஆனால் ஸ்கோர் மாறவில்லை. பட்டம் டூரினிலேயே தங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் மிலான் நகரத்தில் அந்த மோதலைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஒருவருடைய முதல் சீசன் ஒரு நாட்டையே இப்படி இரண்டாகப் பிரித்திருக்கிறது என்றால், ககாவின் பதக்கத்தையும் ஜீகோவின் ஃப்ரீ கிக்குகளையும் தாண்டி என் ஓட்டு அவருக்குத்தான்.