ஃபுல்லரீன் என்று கரித்தூள் அனுப்பினார்கள், 14,500 ரூபாய் போச்சு

முந்தாநாள்தான் பார்சல் வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஆர்கானிக் சோலார் செல் (சிலிக்கனுக்குப் பதில் கார்பன் சேர்மங்களால் ஆனது) செய்கிறேன். வெளிச்சம் பட்டதும் பாலிமர் விடுகிற எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள சி60 என்ற ஃபுல்லரீன் வேண்டும். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து மாதிரி கூடி, உள்ளே கூடாக இருக்கும் மூலக்கூறு. 1985-ல் கண்டுபிடித்த க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996-ல் நோபல் கிடைத்தது. துறைப் பணம் வரத் தாமதமாகும் என்று, லேப் கெமிக்கல் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் கைக்காசு போட்டு 1 கிராம் வாங்கினேன். 99.5 சதவீதத் தூய்மையாம். 14,500 ரூபாய்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்து எப்படித் தயாரித்தது என்று கேட்டேன். "ஹீலியத்துல கிராஃபைட் ராடுக்கு ஆர்க் கொடுத்து, வர்ற கரியை டொலுயீன்ல பிரிச்சு, காலம்ல சுத்தம் பண்ணது தம்பி" என்றார். ஆர்க் என்றால் மின்வில், டொலுயீன் ஒரு கரைப்பான், காலம் (column) என்பது கலவையைப் பிரிக்கும் குழாய். அத்தனையும் சரியான பதில். விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த நிமிஷமே பணத்தை அனுப்பினேன். வாட்ஸாப்பில் வந்த தூய்மைச் சான்றிதழில் பேட்ச் எண் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

சி60 டொலுயீனில் கரைந்தால் கத்திரிப்பூ நிறம் வரும். ஒரு சிட்டிகை போட்டேன், வரவில்லை. குலுக்கினேன். அரைமணி நேரம் சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) வைத்தேன். வடிகட்டினால் கீழே தண்ணீர் மாதிரி தெளிவாக இறங்குகிறது, வடிதாளில் வெறும் கரி. ஃபுல்லரீனைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கரியோ, வேறு எந்தக் கரியோ. அதற்கு 14,500!

கேட்டால், முதலில் "வெளிச்சம் பட்டிருக்கும்". அப்புறம் "உங்க டொலுயீன் சரியில்ல". கடைசியில் "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது". சீலை உடைக்காமல் எப்படிச் சோதிப்பதாம்? வடிதாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன்.

ஃபுல்லரீன் வாங்குவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பேட்ச் எண்ணோடு எச்பிஎல்சி வரைபடம் (பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் சோதனை முடிவு) கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் தனிநபர் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். சீல் உடைப்பதை வீடியோ எடுங்கள். இதே கடை, ஆயுள் கூடும் என்று சொல்லி சி60 கலந்த ஆலிவ் எண்ணெயும் விற்கிறது. தயவுசெய்து வீட்டில் யாருக்கும் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.