கணவரின் குடிநோயும் இணையவழி ஆலோசனையும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

2023 ஜனவரியில் ஒரு மனநலச் செயலியில் நான் கணக்குத் தொடங்கினேன். கணவரின் குடியை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு அப்போது இல்லை. நாங்கள் கரூரில் வசிக்கிறோம். கணவர் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். மாமியார், பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த மகன், நாங்கள் இருவர் என நான்கு பேர் கொண்ட குடும்பம். குடிப்பழக்கத்துக்காக ஒரு மருத்துவமனைப் படியேறினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமே இணையவழியைத் தேட வைத்தது.

முதல் அமர்வில் ஆலோசகர் கேட்ட கேள்விகள் நான் எதிர்பார்த்தவை அல்ல. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது உடலில் என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டு சபரிமலைக்கு மாலை போட்டபோது, இரண்டாம் நாளே கை நடுக்கம் கண்டு, இரண்டு இரவுகள் உறங்காமல், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக்கொண்டிருந்ததை விவரித்தேன். அதைக் கடவுள் குற்றம் என்றே வீட்டில் நினைத்திருந்தோம். அவரை ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்க்கும் வரை குடியை நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றும், அந்தக் கட்டத்தைச் செயலி வழியாகக் கையாளக் கூடாது என்றும் ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வந்து, சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்து நாள் உள்நோயாளியாக இருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மருந்துகளும் பெற்ற பிறகே கணவரின் அமர்வுகள் தொடங்கின. தனக்கு வரவேண்டிய கட்டணத்தைத் தள்ளிவைத்துவிட்டு எங்களை மருத்துவமனைக்கு அனுப்பிய அந்த ஒரு செயலுக்காகவே அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆனால் இந்த இரண்டரை ஆண்டுகளில் அதிகம் மாறியது என்னுடைய நடத்தைதான். மருத்துவமனை நாட்களிலேயே என் அமர்வுகள் தொடங்கிவிட்டன. “அவர் குடித்துவிட்டு வரும் இரவில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஆலோசகர் கேட்டார். நள்ளிரவு வரை சண்டை போடுவேன், காலையில் அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வேன், கைமாற்றுக் கடனை என் நகையை அடகு வைத்து அடைப்பேன். இவற்றைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக உருவாக்கிய பயிற்சிமுறையைத் தழுவி அவர் எனக்குச் சில பழக்கங்களைக் கற்றுத் தந்தார். போதையில் இருக்கும்போது எதையும் விவாதிக்காமல் காலையில் சுருக்கமாகப் பேசுவது, குடிக்காத மாலையை வெறுமனே கழியவிடாமல் அவரோடு அமர்ந்து டீ குடித்து அதை மதிப்புள்ளதாக்குவது, குடியால் வரும் விளைவுகளை அவருக்குப் பதிலாக நான் சுமக்காமல் இருப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அடி, உதை இருக்கும் வீட்டில் முதலில் பாதுகாப்பைத்தான் பார்க்க வேண்டும், இந்த முறைகள் அதற்குப் பிறகுதான் என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார்.

சிகிச்சைக்குப் பிந்தைய ஐந்தாம் வாரத்தில் கணவர் மறுபடி குடித்தபோது நான் அலுவலகத்துக்குப் போன் செய்யவில்லை. அவரே பேச வேண்டியதாயிற்று. இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த அமர்வு எப்போது என்று அவராகவே கேட்டார்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மாத்திரை இருக்கிறது என்று நாத்தனார் சொன்னதை நம்பி, நான் அதை வாங்கவும் இருந்தேன். டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் கடும் வாந்தியும் படபடப்பும் வந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம் என்றும், நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது என்றும் ஆலோசகர் தடுத்தார். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இந்த யோசனை எவ்வளவு சாதாரணமாக உலவுகிறது என்பதை நினைக்கும்போது இன்றும் கவலையாக இருக்கிறது.

கணவர் ஒருநாளும் கேமராவை இயக்கியதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நின்றபடி குரல் வழியாக மட்டுமே பேசுவார். முகம் தெரியாததால்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது என்று பின்னர் என்னிடம் கூறினார். பதினொன்றாம் மாதத்தில், ஒரு உறவினரின் காரியத்துக்குப் போன இடத்தில் மீண்டும் குடித்துவிட்டு, எல்லாம் போயிற்று என்று படுத்திருந்தவரை, ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சி ஆகாது என்று மறுநாள் காலை ஏழு மணி அமர்வில் ஆலோசகர் பேசி எழுப்பியதும் அந்தக் குரல் வழிதான். கூட்டு அமர்வு ஒன்றில், வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அப்பா குடித்திருக்கிறாரா இல்லையா என்று தனக்குத் தெரியும் என மகன் சொன்னான். அன்று மாடியில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. எட்டாம் மாதத்தில் எங்கள் ஆலோசகர் அந்த நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார். முன்னறிவிப்பு எதுவுமின்றி செயலியில் வேறொரு பெயர் வந்தது, முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. புதியவரின் தகுதியைக் கேட்டபோது ‘வாழ்வியல் பயிற்றுநர்’ என்று பதில் வந்ததால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரே வேண்டும் என்று மூன்று முறை எழுதி மாற்றிக்கொண்டேன். 24 மணி நேர உதவி என்ற விளம்பரமும் சரியல்ல; இரவில் தானியங்கிப் பதில்களே வந்தன. அப்படி ஓர் இரவு ஒரு மணிக்கு எனக்குக் கைகொடுத்தது, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, பொறுமையாகப் பேசினார்கள்.

ஐம்பது நிமிட அமர்வுக்கு 1,100 ரூபாய் வீதம் 58 அமர்வுகளுக்கு இதுவரை ஏறத்தாழ 64,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. சிறு தொகை அல்ல. கணவர் குடிக்காகச் செலவிட்டது நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால், அது ஏழு மாதக் குடிச் செலவுக்குச் சமம். ஆனால் தொடக்கத்தில் மருத்துவமனையும், இப்போது சனிக்கிழமைதோறும் அவர் போகும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டமும் இல்லாமல் அந்தப் பணத்தால் மட்டும் இந்தப் பலன் கிடைத்திருக்காது. தினமும் குடிப்பவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு செயலியால் குணப்படுத்தலாம் என்று எண்ணுவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்கு, அதிலும் அருகில் ஆலோசகர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு, தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கணவர் கடைசியாகக் குடித்து இப்போது பதினாறு மாதங்கள் ஆகின்றன. அமர்வுகளை மாதம் ஒன்றாகக் குறைத்திருக்கிறோம். முதல் ஆண்டில் அவர் சம்மதத்துடன் நான் வாங்கி வைத்த சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை வரும் அமர்வில் இருவரும் சேர்ந்து பேசப்போகிறோம். கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும் என்கிறார் அவர்.