காதுக்கு நல்லது வாய்க்கு ஆகாது: பயணத்துக்கு எந்த வயர் இயர்போன்?

மைக் வைத்த வயர் இயர்போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாஸ் (தாழ்ந்த ஒலி) எப்படி, உள்ளே ஒலியெழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் விசாரிக்கிறார்கள். ஓடும் பஸ்ஸிலும் ரயிலிலும் பயன்படுத்தப் போகிறவருக்கு அந்தக் கேள்விகள் இரண்டாம் பட்சம். இரைச்சலுக்கு நடுவே பாட்டும் கேட்க வேண்டும், அழைப்பு வந்தால் பேசவும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று முரண்டு பிடிப்பவை. கேட்பதற்கு எது உதவுகிறதோ, அதுவே பேசும்போது இடைஞ்சலாகிறது. இயர்போன் வகைகளை இந்த முரண்பாட்டை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் காலத்தில் வயர் எதற்கு என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில். ப்ளூடூத்தில் பாட்டு ஸ்டீரியோவில் நன்றாகவே ஓடும். அழைப்பு வந்து மைக் திறந்ததும் வழக்கமான ப்ளூடூத் இணைப்பு வேறொரு முறைக்குத் தாவி, குரலை 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்குள், அதாவது நொடிக்கு 8 அல்லது 16 ஆயிரம் அளவீடுகளுக்குள் சுருக்கிவிடும். எல்இ ஆடியோ என்கிற புதிய ப்ளூடூத் முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் போனிலும் இருக்க வேண்டும், இயர்போனிலும் இருக்க வேண்டும். வயரில் இந்தச் சிக்கலே கிடையாது. சார்ஜ் போட வேண்டாம், வீடியோவில் உதடும் குரலும் பிசகாது, ஒரு பக்கம் கழன்று விழுந்தால் இருக்கைக்கு அடியில் தவழ வேண்டாம். அந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

போட்டியில் இருப்பவை மூன்று. முதலாவது, காதுத் துவாரத்தின் வாயிலில் அடைக்காமல் உட்காரும் திறந்த வகை. ஆப்பிள் 2012-ல் கொண்டுவந்த இயர்பாட்ஸ் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இரண்டாவது, சிலிக்கான் முனையைத் துவாரத்துக்குள் செருகி வயரை நேராகக் கீழே தொங்கவிடும் வகை. மூன்றாவதும் துவாரத்தை அடைப்பதுதான். ஆனால் வயர் காதின் மேலாக வளைந்து பின்பக்கம் வழியாக இறங்கும். மேடைப் பாடகர்கள் தம் பாட்டைத் தாமே கேட்கக் காதில் மாட்டும் மானிட்டர்களிலிருந்து வந்த வடிவம் இது. மூன்ட்ராப் சூ 2 போன்றவை இந்த வகை. அவற்றில் வயரைத் தனியே கழற்றலாம். இந்த மூன்றாம் வகையைப் பொதுவாக மைக் உள்ளது, மைக் இல்லாதது என்று இரு பதிப்புகளாக விற்கிறார்கள். அவசரத்தில் மைக் இல்லாததை எடுத்துவிடாதீர்கள்.

முதலில் கேட்பதைப் பார்ப்போம். ஓடும் வண்டியின் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது: எஞ்சினின் உறுமல், சக்கரங்களின் கடகடப்பு. இந்த இரைச்சல் தன் எல்லைக்குள் நிற்பதில்லை. பலமாக இருந்தால் தனக்கு மேலுள்ள அதிர்வெண்களையும் சேர்த்து மூடிவிடும். திறந்த வகையில் இது தடையின்றி உள்ளே வருகிறது. பாட்டின் பாஸோ தடையின்றி வெளியே கசிகிறது. கேட்பவருக்கு மிஞ்சும் ஒரே வழி ஒலியளவைக் கூட்டுவது.

கூட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்புக்கான தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் வெறும் 5 மணி. இரைச்சலை வெல்வதற்காக 9 டெசிபல் ஏற்றுகிறவர் ஒரு வாரத்துக்கான பங்கை இரண்டு, மூன்று நாள் பயணத்திலேயே தீர்த்துவிடலாம். காதை அடைக்கும் வகைகளுக்கு ஆதரவாக நான் வைக்கும் முதல் வாதம் இசையின் தரம் அல்ல, இதுதான். வெளியிரைச்சலைக் குறைத்தால் பாட்டையும் குறைவாக வைத்தே கேட்கலாம்.

ஆனால் அடைப்பு உண்மையிலேயே அடைப்பாக இருக்க வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு சிலிக்கான் முனைகள் வரும்; நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும்; பலர் மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை. சிலருக்கு இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு வேறு அளவு தேவைப்படும். பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் இலேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பாஸ் கூடினால் அடைப்பு சரியில்லை, அடுத்த அளவுக்கு மாறுங்கள். நுரைப் பஞ்சு முனை இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் சீக்கிரம் அழுக்கேறித் தளர்ந்துபோகும். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் மூன்றடுக்கு முனை 35 டெசிபல் அளவுக்கு வெளியோசையைத் தடுக்கும் என்று அந்நிறுவனம் சொல்கிறது. அதற்கு அதை ஆழமாகச் செருக வேண்டும். எல்லோராலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆழமல்ல அது.

இதுவரை திறந்த வகை தோற்றுக்கொண்டே வருகிறது. அழைப்பு வந்ததும் ஆட்டம் திரும்புகிறது.

நாம் பேசும்போது நம் குரல் தாடை எலும்பின் வழியாகவும் காதுத் துவாரத்துக்குள் வந்து சேர்கிறது. துவாரம் திறந்திருந்தால் அது வெளியேறிவிடும். அடைத்துவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல நம் குரல் நமக்கே முழங்கும். இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. சுற்றிலும் சத்தம் கூடக்கூட மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-ல் விவரித்த இயல்பு இது. அவர் பெயராலேயே அறியப்படுகிறது. காதை அடைத்துக்கொண்டவருக்கோ வெளிச்சத்தம் சரியாகக் கேட்பதில்லை, தன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. ஆகவே அவர் குரலைத் தாழ்த்திவிடுகிறார். அவர் காதில் அமைதி; அவருடைய மைக்குக்கோ அதே பஸ், அதே உறுமல், முன்பைவிட மெல்லிய குரல். மறுமுனையில் இருப்பவர் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். குறை மைக்கின் தலையில் விழும்.

மைக்கின் மேல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வயரில் இருக்கும் அந்தச் சிறிய மைக் பெரும்பாலும் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஒரே மாதிரி வாங்குகிற வகை. உங்கள் வாய் எது, பக்கத்து இருக்கைக்காரரின் வாய் எது என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தூரம். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், சுற்றியுள்ள இரைச்சல் குறையாது. ஆகவே எந்த விவரக்குறிப்பையும்விட மைக் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதே முக்கியம். தாடையோரம் தொங்குவது நல்லது. இரண்டு வயர்களும் சேரும் இடத்தில், மார்பருகே மைக் வைத்த மாடல்களும் இருக்கின்றன. அவற்றை அப்படியே தள்ளிவிடுங்கள், சட்டையில் உரசுகிற சத்தம் வேறு சேர்ந்துகொள்ளும். பேசும்போது மைக்கைக் கையால் தூக்கிப் பிடிப்பவர்கள் வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்தில் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுக்காற்று மோதாது. மைக்கின் ஊசித்துளையை விரலால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. போனைக் காதில் வைத்துப் பேசும்போது இரைச்சலைக் கழிக்கப் பல போன்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இயர்போன் செருகும் வட்டமான 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மைக்குக்கு ஒரே ஒரு மின்கோடுதான் இருக்கிறது, எனவே அந்த வித்தை அங்கே நடக்காது. மிக மோசமான இரைச்சலில் இயர்போனைப் பிடுங்கிவிட்டுப் போனிலேயே பேசுவது மேல் என்பது இயர்போன் கட்டுரையில் எழுதக் கூசும் உண்மை.

அப்படியென்றால் எதை வாங்குவது? என் தேர்வு இரண்டாவது வகை, அதாவது நேராகத் தொங்கும் சிலிக்கான் முனை இயர்போன். காரணம், அதில் ஒரு பக்கத்தை நொடியில் உருவிவிடலாம். அழைப்பு வந்ததும் மைக் இல்லாத பக்கத்தைக் கழற்றிவிட்டால் மறுமுனையின் குரல் அடைத்த காதில் தெளிவாகக் கேட்கும். திறந்த காது வழியே வண்டியின் இரைச்சலும் நம் குரலும் இயல்பாக வந்து சேரும். குரலும் தானே உயரும். சாதாரண அழைப்பின் ஒலி இரு காதுக்கும் ஒன்றேதான் என்பதால் இழப்பு எதுவும் இல்லை. அடுத்த நிறுத்தத்தின் அறிவிப்பும் காதில் விழும்.

மூன்றாவது வகையில் இது கைகூடாது. காதின் மேல் சுற்றியதை எடுப்பதும் மறுபடி மாட்டுவதும் நின்றுகொண்டு செல்லும் பயணத்தில், ஒரு கை கம்பியில் இருக்கும்போது, பெரிய வேலை. வயரை முதுகுப்பக்கம் விடும் வழக்கம் இருந்தால் மைக் பிடரிக்குப் போய்விடும். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வகையை அசைக்க முடியாது: வயர் உரசும் சத்தம். அடைத்த காதில், வயர் சட்டைப் பொத்தானில் தட்டும் ஒவ்வொரு தட்டும் மத்தளம் அடிப்பதாகக் கேட்கும். நேராகத் தொங்கும் வகையில் இது மிக மோசம், காதின் மேல் வளைந்து வருவதில் வெகு குறைவு. இரண்டாவது வகையை வாங்குகிறவர் சட்டையில் கவ்வும் கிளிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். பின்னல் துணி போர்த்திய வயரைவிட வழுவழுப்பான ரப்பர் வயர் நல்லது. நடக்கும்போதும் ஓயாமல் கேட்பவர், அழைப்புகளை அநேகமாகத் தட்டிவிடுபவர் என்றால் தயங்காமல் மூன்றாவதற்குப் போகலாம்.

திறந்த வகை யாருக்கு? பயணத்தில் பாதி தூரம் சாலையோரம் நடப்பவர்களுக்கு, பாட்டைவிட அழைப்பே அதிகம் உள்ளவர்களுக்கு, காதுக்குள் எதைச் செருகினாலும் அரிப்போ வலியோ எடுப்பவர்களுக்கு. பாஸ் பிரியர்கள் விலகி நிற்கவும்.

பொத்தான்கள் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. நடுப் பொத்தான் எல்லாப் போன்களிலும் அநேகமாக வேலை செய்யும். அது மைக் கோட்டை வெறுமனே குறுக்கிணைக்கிறது. ஒலியளவுப் பொத்தான்களில்தான் தகராறு. ஆண்ட்ராய்டு முறையில் கூட்டுவதற்கு 240 ஓம், குறைப்பதற்கு 470 ஓம் மின்தடைகளைப் போன் அடையாளம் காண்கிறது. ஆப்பிளின் 3.5 மில்லிமீட்டர் முறை முற்றிலும் வேறு. ஒன்றுக்கென்று செய்ததை மற்றொன்றில் செருகினால் பாட்டு வரும், பேசலாம், ஒலியளவு மட்டும் அசையாது.

அடுத்து, போனில் செருகும் முனை எது? 2016-ல் ஐபோன் 7 வட்ட ஜாக்கைக் கைவிட்ட பிறகு வேறு பல போன்களும் அதே வழியில் போய்விட்டன. உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருந்தால் அதற்கானதையே வாங்குங்கள். அந்த முனை துளைக்குள் சுழலும், சட்டைப்பையில் போன் திரும்பும்போது கூடவே திரும்பிக்கொள்ளும். யுஎஸ்பி-சி முனை சுழலாது. இழுப்பும் முறுக்கும் நேரே போனின் சார்ஜ் துளையில் விழுகின்றன. போதாததற்குக் கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது. ஜாக் இல்லாத போனுக்கு, போனின் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் சிப் தனக்குள்ளேயே உள்ள யுஎஸ்பி-சி இயர்போன் பாதுகாப்பான தேர்வு. சிப் இல்லாதவை சில போன்களில் மட்டுமே பேசும். யுஎஸ்பி-சி துளையில் 3.5 மில்லிமீட்டர் முனையை மாட்ட உதவும் இணைப்பான் வாங்கிப் பழைய இயர்போனையே மாட்டுவதும் நல்ல யோசனைதான், மைக்கை ஏற்கும் இணைப்பானாக இருந்தால். ஒலியை மட்டும் வெளியே அனுப்பி மைக்கைக் கண்டுகொள்ளாத இணைப்பான்கள் நிறைய உண்டு.

மைக் உள்ள 3.5 மில்லிமீட்டர் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றுள் மைக்குக்கும் தரைக்கும் (மின்னோட்டம் திரும்பும் பொதுக் கோடு) உரிய பட்டைகள் பழைய மாடல்கள் சிலவற்றில் இடம் மாறியிருக்கும். பாட்டில் இசைக்கருவிகள் மட்டும் கேட்டுப் பாடகர் குரல் காணாமற்போனால், நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் குரல் திரும்பி வந்தால், இந்த இடமாற்றம்தான் காரணம். ஜாக் துளைக்குள் பஞ்சு சேர்ந்து முனை முழுதாக உட்காராதபோதும் கிட்டத்தட்ட இதே கூத்து நடக்கும் என்பதால் முதலில் துளையைப் பாருங்கள்.

ஆயுள் விஷயத்தில் மூன்றாவது வகை முந்துகிறது. வயர் இயர்போன்கள் சாவது பெரும்பாலும் முனையின் கழுத்திலும் காதுக்குழலின் கழுத்திலும்தான். வயரைக் கழற்ற முடிந்தால் வயரை மட்டும் மாற்றலாம். முடியாவிட்டால் முழுவதும் குப்பைக்கு. மற்ற வகைகளில் வளைந்த, எல் வடிவ முனையும் கழுத்தில் நெகிழ்வான ரப்பர் உறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பவர்களுக்கு எந்த உறையும் உதவாது.

எதை வாங்கினாலும் வீட்டு அமைதியில் சோதிப்பது வீண். ஓடும் வண்டியில் உட்கார்ந்து போனின் ஒலிப்பதிவுச் செயலியில் ஒரு நிமிடம் பேசுங்கள்: முதலில் இரு காதும் அடைத்து, பிறகு ஒரு காதைத் திறந்து. இறங்கிய பின் இரண்டையும் போட்டுக் கேளுங்கள். இதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.