ஈட்டிக்காரனுக்கு 42: வெஸ்நாத்தில் மூன்று வருஷம்

பேட்டையில் எனக்கு மோட்டார் காயில் கட்டுற கடை. மானூர்ப் பக்கம் கிணத்துல தண்ணி இறங்கி மோட்டார் புகைஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு. பிசான அறுப்பு சமயத்துல ஈ ஓட்டணும். அப்படி ஒரு மாசியில் பழைய லேப்டாப்பில் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' இறக்கினேன். 2003-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச விளையாட்டு. அறுகோணக் கட்டம், நான் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. படங்கள் பழைய காலத்துப் பாணிதான். என்னை உட்கார வைத்தது, ஆள் வளரும் கணக்கு.

எதிராளியோடு மோதினால் அவன் எந்த லெவலோ அத்தனை எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. அவனைக் கொன்றால் லெவலுக்கு எட்டு. முதல் லெவல் ஈட்டிக்காரன் அடுத்த லெவலுக்குப் போக 42 வேண்டும். தன் லெவல் ஆட்களோடு வெறுமனே மோதிக்கொண்டே இருந்தால் 42 சண்டை. கடைசி அடியை அவனுக்கே விட்டுக்கொடுத்தால் ஆறு தலை போதும். 48 வரும், மிச்ச 6 அடுத்த லெவலுக்குச் சேரும். லெவல் பூஜ்யமான நடைப்பிணத்தோடு மோதினால் ஒன்றும் கிடையாது, கொன்றால் மட்டும் 4.

இது பிடிபடவே எனக்கு நாளாச்சு. மல்டிபிளேயர் பகுதியில் ஆடின ஆட்டத்தில் அதே ஈட்டிக்காரன் 30-க்குள்ளேயே ஏறிவிட்டான். நோட்டில் எழுதினது தப்போ என்று திரும்பத் திரும்பக் கூட்டினேன். பிறகுதான் கண்ணில் பட்டது: மல்டிபிளேயரில் எக்ஸ்பி அளவு 70 சதவீதத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதை 100 ஆக்கிவிட்டுச் சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். நோட்டு என்றால், எந்த மோட்டாருக்கு எத்தனை சுத்து என்று குறிக்கிற கடை நோட்டுதான். முன்பக்கம் சுத்து, பின்பக்கம் எக்ஸ்பி.

பெரும்பாலான ஆட்களுக்குப் பிறவிக்குணம் இரண்டு வரும். புத்திசாலிக்கு 20 சதவீதம் குறைவான எக்ஸ்பி போதும். பலசாலிக்கு நேரடி அடியில் ஒன்று கூடும். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி வளர்த்துப் பார்த்தேன். புத்திசாலி 34-லேயே ஏறினான். ஆனால் உச்ச லெவலுக்குப் போனபின் அவன் குணத்துக்கு வேலை குறைவு. அங்கே ஒவ்வொரு 150 எக்ஸ்பிக்கும் உயிர்ப்புள்ளி வெறும் 3 கூடுகிறது. பலசாலியின் அந்த ஒரு அடியோ கடைசி வரைக்கும் கூடவே வருது. குறுகிய ஆட்டத்துக்குப் புத்திசாலி, நீண்ட படையெடுப்புக்குப் பலசாலி என்பது என் கணக்கு.

லெவல் ஏறும்போது நாமே வழியைத் தேர்ந்தெடுக்கலாம். 7 புள்ளி வீதம் மூன்று குத்து குத்தின ஈட்டிக்காரன் பைக்மேன் (நீள ஈட்டிக்காரன்) ஆனால் 10 வீதம் மூன்று. வாள்வீரன் ஆனால் 8 வீதம் நான்கு. கூட்டினால் வாள்தான் ஜாஸ்தி. ஆனாலும் நான் பைக்மேன் பக்கம். முதல் குத்து அவனுக்கே என்கிற சலுகை அவனிடம் தங்கும், வாள்வீரனிடம் போய்விடும். குதிரைப்படை வந்தால் வித்தியாசம் தெரியும்.

என் மனத்தாங்கல் எல்ஃப் என்கிற காட்டு இனத்து வைத்தியக்காரி ஷாமன் விஷயத்தில். பக்கத்தில் நிற்பவர்களுக்கு முறைக்கு 4 புள்ளி உயிர் ஏற்றுகிறாள். அவள் இல்லாவிட்டால் பாதிப் படை காலி. ஆனால் வைத்தியத்துக்கு ஒரு எக்ஸ்பி கிடையாது! கடையில் பேப்பர் வெட்டி, கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, நம்ம கடை மாதிரியே இருக்கு." நான் பதில் சொல்லலை. மறுநாள் ஒரு அரை எச்.பி. மோட்டாரை அவனையே கட்டச் சொன்னேன்.

இன்னொன்று, லெவல் ஏறினால் காயமெல்லாம் ஆறி முழு உயிர் வந்துவிடும். எதிராளியின் முறையில் ஏறினாலும் அப்படித்தான். ஒருநாள் உயிர் 5, எக்ஸ்பி 41 என்று நின்ற ஈட்டிக்காரனை வேண்டுமென்றே முன்னால் விட்டேன்.

"செத்தான் அண்ணாச்சி."

"பொறுல."

குத்த வந்த ஓர்க் (எதிர்ப்பக்க அரக்க இனத்தான்) இரண்டு தடவையும் தவறவிட்டான். சண்டை முடிந்ததும் ஒரு வெளிச்சம், 55 உயிரோடு பைக்மேன். பையன் கத்தின கத்தில் எதிர்க்கடை டெய்லர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போச்சு, பேட்டரி செத்துப்போன லேப்டாப்பும் அணைஞ்சது. ஒவ்வொரு முறைக்கும் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பதால் ஆட்டம் போகலை. ஆனா அந்த முறையைத் திரும்ப ஆடினப்போ ஓர்க்கோட முதல் குத்திலேயே ஆள் அவுட்.