கோவையில் கிடைக்கும் 1923-ஆம் ஆண்டு ஜெர்மன் மாகாண நோட்டுகள்

கோவை டவுன்ஹால் பகுதியில் பழைய நாணயங்களும் நோட்டுகளும் விற்கும் ஒரு சிறிய கடையில், 'ஜெர்மன் பணவீக்கத் தொகுப்பு' என்று தலைப்பிட்ட இருபது நோட்டு ஆல்பம் ஒன்றை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆல்பத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஆல்பத்தில் விலைக்குத் தகுந்தவை ரைன் மாகாணத்தின் நோட்டுகளே. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றியபோது, ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு ஊதியம் கொடுப்பதற்காக ஜெர்மன் அரசு மேலும் மேலும் பணம் அச்சடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களை அமர்த்தியும் மத்திய வங்கியால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகவே, மாகாணங்களும் நகராட்சிகளும் ரயில்வேயும் தொழிற்சாலைகளும் தத்தம் பெயரிலேயே அவசர நோட்டுகளை வெளியிட்டன. 1914-இல் 4.2 மார்க்குக்குக் கிடைத்த ஒரு டாலர், 1923 நவம்பர் 20 அன்று 4.2 லட்சம் கோடி மார்க்கில் நின்றது. அந்த வேகத்தைத் தாளிலேயே காணலாம்: பல நோட்டுகளுக்குப் பின்பக்கம் அச்சே கிடையாது. "வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க தம்பி, தாள் எவ்வளவு மெலிசுன்னு தெரியும்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சரியான அறிவுரைதான்.

குறை தேர்வில் இருக்கிறது. இருபதில் பாதிக்கு மேல், 1921-ஐ ஒட்டிச் சிற்றூர்கள் வெளியிட்ட ஃபெனிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு) மதிப்புள்ள வண்ணப்பட நோட்டுகள். பார்க்க அழகானவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சிடப்பட்டவை, கடைவீதியில் கைமாறியவை அல்ல. கடும் பணவீக்கம் அதற்குப் பிறகு வந்தது. தேதியைப் பார்க்காமல் வாங்குபவர் லட்சம் கோடியை எதிர்பார்த்து ஐம்பது ஃபெனிக்கோடு வீடு திரும்புவார்.

ஆல்பத்தின் உறைகள் பிவிசி வாடை அடித்தன. நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கிக் கறையாகும் என்பதால் பாலிப்ரோப்பிலீன் உறைகளைக் கேட்டேன். மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்.

கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருக்கும் பீலஃபெல்ட் நகரத்துப் பட்டு நோட்டையும் கேட்டுப் பாருங்கள். லினன் நெசவுக்குப் பெயர்பெற்ற அந்த ஊர், பட்டிலும் லினனிலும் பணம் அச்சடித்தது. இதுவும் சேகரிப்பாளர்களின் ஆசையை அறிந்து செய்யப்பட்டதுதான் என்றாலும், துணியை விரலால் நெருடியே தரம் சொல்லும் நம் ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு அதைக் கீழே வைக்க மனம் வராது. விலை அதிகம், நான் வாங்கவில்லை.

கேட்டால் ஆல்பத்தைப் பிரித்தும் தருகிறார். 1923 என்று தேதியிட்ட மாகாண நோட்டுகளில் நான்கைந்தை மட்டும் பொறுக்கி, ஒன்று 250 ரூபாய் வீதம் எடுத்துக்கொள்ளலாம்.