பழம்பெயரா, புதுப்பெயரா?

பெண் குழந்தைக்குத் தனித்துத் தெரியும் பெயர் வேண்டுமென்றால் இரண்டு வழி. அப்பா அம்மா பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துப் புதிதாகக் கோப்பது ஒன்று. இன்னொருத்திக்கு அதே பெயர் இருப்பது அரிது. ஆனால் "என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?" என்று அவள் கேட்கும் நாளில் சொல்ல அதிகமிருக்காது.

என் மனம் பழம்பெயர் பக்கம்தான். வெண்ணி, ஆதிமந்தி, நச்செள்ளை எல்லாம் சங்கப் பெண்பாற் புலவர் பெயர்களில் இருப்பவை. வெண்ணி ஊர்ப்பெயர்தான், ஆனால் அவ்வூர்ப் புலவர் வெண்ணிக்குயத்தியார், அங்கே நடந்த போரில் வென்ற சோழன் கரிகாலனிடமே, தோற்று முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்ட) சேர மன்னன் "நின்னினும் நல்லன்" என்று பாடியவர். மகளுக்குச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்!

முடிவெடுக்குமுன் அடுத்த அறையிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். "வெண்ணீ..." என்று அழகாக நீளும், நச்செள்ளை கொஞ்சம் நாக்கில் இடறும்.